முன்னால் அறுபது, பின்னால் அறுபத்தைந்து

போன மாதம் ஜெயந்தி போன் செய்தாள். ஓசூரில் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த கார் சர்வீஸ் பட்டறையில் இப்போது அவள்தான் பொறுப்பாளர். பெங்களூர் பக்கமிருந்து ஒரு எலக்ட்ரிக் கார் வந்திருக்கிறதாம். முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். சொந்தக்காரர் பின் சக்கரத்துக்கு மட்டும் பெரிய டயர் கேட்கிறாராம்.

"நடுவுல ஷாஃப்டே இல்லீங்களே சார். முன்னாடியும் பின்னாடியும் தனித்தனியாத்தானே சுத்துது. போட்டா என்னாங்க?"

"கதவைத் திறந்து, தூணில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படி. பின்னாடி வேற சைஸ்னு கம்பெனியே எழுதியிருந்தா போடு. எழுதலைன்னா போடாத. ஷாஃப்ட் இல்லைன்னா என்ன, நாலு சக்கரமும் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு கம்ப்யூட்டர் எண்ணிக்கிட்டுத்தான் இருக்குது. ஒண்ணு மெதுவா சுத்தினா அதுக்குக் குழப்பம்."

"சரிங்க சார். ஆனா இதை நீங்க மட்டும் எப்பவும் இவ்வளவு கறாரா சொல்றீங்களே, ஏங்க சார்?"

போனில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. ஆகவே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாமல்பட்டி. கிருஷ்ணகிரியில் ஐ.டி.ஐ. முடித்தேன். லாரிப் பட்டறை ஒன்றில் மூன்று வருடம் கிரீஸ் பூசினேன். பிறகு ஓசூர். அங்கே கடைசிவரை என் வேலை ரோடு டெஸ்ட். பழுது பார்த்து முடிந்த வண்டியை ஓட்டிப் பார்த்து, ஜாப் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் எந்த வண்டியும் கேட்டைத் தாண்டாது. இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். பெருமைக்குச் சொல்லவில்லை, பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்டீயரிங்கில் இரண்டு விரலை வைத்தால் போதும், எந்தச் சக்கரத்தில் காற்று குறைவு என்று சொல்லிவிடுவேன்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் சித்தலிங்கப்பா. ஆனேக்கல்காரர், வீட்டில் கன்னடம். எங்களோடு தமிழ்தான் பேசுவார், இடையில் ஒரு கன்னட வார்த்தை விழும், எண்களைக் கன்னடத்தில்தான் எண்ணுவார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகே பேச ஆரம்பிப்பார். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதை நாங்கள் கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. சாதாரண நாளில் "வாப்பா, போப்பா" என்பவர், கோபம் வந்தால் "வாங்க, போங்க" என்பார். அவர் மரியாதை கொடுத்தால் நாங்கள் ஜாப் கார்டை மறுபடி எடுத்துப் பார்ப்போம்.

நான் சேர்ந்த புதிதில் கிரானைட் குவாரியிலிருந்து ஒரு ஜீப் வந்தது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி. அதைத் தள்ளினால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். குவாரியில் தள்ளிவிட்ட கம்பியை டிரைவரால் திரும்ப எடுக்க முடியவில்லை. அப்படியே தார் ரோட்டில் ஓட்டி வந்துவிட்டார். நானும் இன்னொரு ஃபிட்டரும் காலை உதைத்து இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. கியர் பெட்டியை இறக்கிவிடலாம் என்று ஸ்பானரை எடுத்தபோது சித்தலிங்கப்பா வந்தார். ஒரு சுற்று சுற்றினார். குனிந்து டயர்களைப் பார்த்தார்.

"பின்னாடி ரெண்டும் புதுசு. முன்னாடி ரெண்டும் மொட்டை. நோடுனியா?"

"பாத்தேன் சார்."

"ஏறி உக்காரு. நேரா ரிவர்ஸ்ல போ. மெல்ல."

பத்தடி பின்னால் போயிருப்பேன். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். கம்பி வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி தானாக விலகி வந்தது.

தேய்ந்த டயர் சின்னது. அதே தூரத்துக்கு அது கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். புது டயர் குறைவாகச் சுற்றும். இரண்டையும் ஒரே இரும்பில் பூட்டி வைத்தால், குவாரி மண்ணில் சக்கரம் வழுக்கிக்கொண்டு கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாது. அதனால் நடுவில் இருக்கும் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும், துணி பிழிவது மாதிரி. பின்னால் ஓட்டினால் முறுக்கு அவிழும். இவ்வளவுதான் விஷயம். ஒரு நாளில் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டதை, பல வருடம் கழித்து, தேவைப்பட்ட நேரத்தில் பயன்படுத்தாமல் விட்டேன்.

தளி ரோட்டில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்ப்பவர் வசந்தா அம்மா. கணவர் இறந்த பிறகு தனி ஆளாக அந்தத் தோட்டத்தைப் பெரிதாக்கியவர். கண்டிப்பானவர், நியாயமானவர். அவரிடம் நாலு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் கார் ஒன்று இருந்தது. அதை ஒன்பது வருடமாக அவரிடம் வேலை பார்க்கும் முனிரத்தினம் ஓட்டினார். பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், தோட்டத்து ஆட்களோடு கன்னடம். என் வயதுதான். அதிகம் பேசமாட்டார். ஆனால் வண்டியில் சின்ன சத்தம் வந்தாலும் தவறாமல் வந்து சொல்வார்.

அந்த வண்டியில் பின் டயர் இரண்டும் கல்லில் கிழிந்து, எங்களிடம்தான் மாற்றினார்கள். அன்றைக்கு ரோடு டெஸ்ட் நான்தான். காற்று பார்த்தேன், நட்டு பார்த்தேன், பிரேக் பார்த்தேன். நேர் ரோட்டில் ஓட்டினேன். வெண்ணெய் மாதிரி போயிற்று. கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து முனிரத்தினம் தனியாக வந்தார்.

"மாதேசண்ணா, முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது யாரோ பின்னாடி புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்குதுண்ணா."

உள் முற்றத்தில் நானே ஏறி ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடித்தேன். ஒரு சின்ன இழுப்பு இருந்தது. என் உள்ளங்கைக்கு அது தெரிந்தது. ஆனால் அன்று எனக்கு முன்னால் ஏழு வண்டிகள் வரிசையில் நின்றன.

"புது டயர் முனிரத்தினம். கொஞ்சம் ஓடட்டும், பழகிடும்."

"சரிங்கண்ணா" என்று கிளம்பிவிட்டார். ஜாப் கார்டு போடவில்லை. அவர் வந்ததற்கு ஒரு எழுத்துகூட எங்கேயும் இல்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு மழை நாள் பகலில், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி இறங்கும் மலை ரோட்டில், ஒரு வளைவில் அந்தக் கார் பக்கச் சுவரில் மோதியது. முன் சீட்டில் முனிரத்தினம். பின் சீட்டில் வசந்தா அம்மாவின் மகள், கல்லூரியில் படிக்கிற பெண். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறாள். அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது. முனிரத்தினத்துக்கு நெற்றியில் ஆறு தையல்.

மறுநாள் காலை கிரேனில் தூக்கி வந்து எங்கள் முற்றத்தில் இறக்கினார்கள். இடது முன் சக்கரம் உள்ளே மடங்கியிருந்தது. மற்ற மூன்றும் முழுசாக இருந்தன. பிரேக், ஸ்டீயரிங் இரண்டிலும் மோதலுக்கு முன்பே பழுது இருந்ததா என்று பார்த்து எழுதித்தரும் வேலை எனக்கு வந்தது. இரண்டிலும் ஒன்றுமில்லை. பட்டறையில் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னோம்: மழை, வளைவு, ஓவர் ஸ்பீடு. நானும் சொன்னேன்.

மதியம் வசந்தா அம்மா வந்தார். கூடவே நெற்றியில் கட்டோடு முனிரத்தினம். எல்லோருக்கும் முன்னால்தான் கேட்டார்.

"மாதேஷ், இவன் தூங்கிட்டான், இல்லைன்னா வேகமா போயிருக்கான். ஒத்துக்கிட்டா நான் விட்டுடுவேன். ஒத்துக்க மாட்டேங்கிறான். வண்டி திரும்பலைங்கிறான். இதை முன்னாடியே உங்ககிட்ட வந்து சொன்னேங்கிறான். சொன்னானா?"

முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நம்பிக்கையோடுதான் பார்த்தார். அதுதான் இன்றும் எனக்குக் கஷ்டம்.

நான் சொன்னேன்: "ரெக்கார்டுல ஒண்ணும் இல்லீங்கம்மா."

பொய் இல்லை. ரெக்கார்டில் இல்லைதான். வசந்தா அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "இவ்வளவு வருஷம் என் வீட்டு ஆள் மாதிரி வெச்சிருந்தேன். பொய்யும் சேத்துச் சொல்றான் பாருங்க. நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்கப்போறேன். லைசென்ஸ் போகட்டும்." முனிரத்தினத்தின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனதைப் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு வழக்கமான வேலையாக ஸ்கேனரை மாட்டினேன். காரின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் பழுதுகளை அது வரிசையாகக் காட்டும். காற்றுப்பை வெடித்தது, முன் சக்கர சென்சார் உடைந்தது, எதிர்பார்த்தவைதான். அதற்குக் கீழே ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. கப்ளிங் சூடு அளவு மீறியது, விடுவிக்கப்பட்டது. கப்ளிங் சூடு அளவு மீறியது, விடுவிக்கப்பட்டது. பதினோரு முறை. முதல் பதிவு டயர் மாற்றிய வாரத்தில். கடைசிப் பதிவு நடந்த கிலோமீட்டரும், மோதிய வண்டியின் மீட்டரில் நின்ற கிலோமீட்டரும் ஒன்று.

கப்ளிங் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி கார்களில் இஞ்சின் இழுப்பு முன் சக்கரத்துக்கு நேராகப் போகும். பின் சக்கரத்துக்கு ஒரு நீள ஷாஃப்ட். அதன் கடைசியில் எண்ணெயில் ஊறிய தட்டுகள் அடங்கிய ஒரு பெட்டி. அதுதான் கப்ளிங். முன் சக்கரம் வழுக்குகிறது, பின் சக்கரத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் நினைத்தால் அந்தத் தட்டுகளைச் சேர்த்து இறுக்கும். பின் சக்கரமும் தள்ள ஆரம்பிக்கும். வழுக்கல் நின்றதும் விட்டுவிடும். அது எப்போதாவது பிடிக்க வேண்டிய பிடி. இந்த வண்டியில் அது விடாமல் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ஏன்? எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சித்தலிங்கப்பா அன்று ஒரு கல்யாணத்துக்கு லீவு. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். முனிரத்தினம் வந்து சொன்னது, நான் வட்டமடித்துப் பார்த்தது, கையில் இழுப்பு தெரிந்தது, "பழகிடும்" என்றது, நேற்று வசந்தா அம்மாவுக்குச் சொன்ன பதில் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவர் சொன்னாரு. நீங்க ஓட்டுனீங்க. என்ன அளந்தீங்க மாதேஷ்?"

நீங்க.

"எதுவும் அளக்கலீங்க சார்."

"ஹௌதா", அப்படியா, என்று மட்டும் சொன்னார். எழுந்து முற்றத்துக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. வலது முன் சக்கரத்தருகே கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழங்காலிட்டார். டயரின் பக்கச் சுவரில் இருந்த எண்ணை விரலால் தடவிப் படித்தார். "அரவத்து." அறுபது. பின் சக்கரத்துக்குப் போனார். அங்கே விரல் நின்றது. "அரவத்தைது." அறுபத்தைந்து.

அகலம் ஒன்றேதான், ரிம் அளவும் ஒன்றேதான். நடுவில் இருக்கும் அந்த இரண்டு இலக்கம் டயரின் உயரத்தைச் சொல்வது. ஸ்டோரில் அறுபது இல்லை, 'இதுவும் அதேதான், கொஞ்சம் உயரம் கூட' என்று அறுபத்தைந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியாக இருந்தால் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது. காற்றும் நட்டும் பார்த்த நான், எதிரிலேயே எழுதியிருந்த எண்ணைப் படிக்கவில்லை.

அதற்குள் முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. அறைக்குக் கூப்பிட்டார். "பிரேக், ஸ்டீயரிங் சரியா இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்தாச்சு. அதுல பொய் இல்ல. டயரைப் பத்தி யாரும் கேக்கல. ஏன் நாமளே எடுத்துக் குடுக்கணும்?"

சித்தலிங்கப்பா நின்றுகொண்டே பதில் சொன்னார். "யாரும் கேக்கலைங்கிறது சரிங்க. ஒரு ஆள் லைசென்ஸ் இன்னைக்குப் போகப்போகுது. நான் அந்த அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். வந்துட்டிருக்காங்க. வேண்டாம்னா என் ராஜினாமாவை வாங்கிட்டு நீங்களே அவங்ககிட்டப் பேசிக்கோங்க."

முதலாளி ராஜினாமாவைக் கேட்கவில்லை. கையை அசைத்துப் போகச் சொன்னார்.

வசந்தா அம்மா வந்தார். போலீசுக்கு எழுதிய காகிதம் கைப்பையில் இருந்தது. முனிரத்தினத்தையும் வரச் சொல்லியிருந்தோம். அவர் கேட்டுக்குப் பக்கத்திலேயே, வேப்பமரத்தடியில் நின்றார், உள்ளே வரவில்லை.

மடங்கிய சக்கரத்துக்கு அடியில் ஒரு டிராலியைக் கொடுத்து வண்டியை நேராக நிறுத்தினோம். காற்றைச் சரிபார்த்தோம். வலது பக்கத்து இரண்டு டயரிலும், தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. அதற்கு நேராகத் தரையிலும் ஒரு கோடு. ஆறு பேர் மெதுவாகத் தள்ளினார்கள். நான் முன் சக்கரத்தோடு குனிந்து நடந்து எண்ணினேன். சித்தலிங்கப்பா, அந்த வயதில், பின் சக்கரத்தோடு குனிந்து நடந்தார். ஒந்து, எரடு, மூறு. பத்தாவது சுற்றில் கோடு தரையைத் தொட்ட இடத்தில் ஆளுக்கொரு குறி. பிறகு இரும்பு டேப்பை நீட்டி அளந்தோம். டேப்பின் நுனியை வசந்தா அம்மாவையே பிடிக்கச் சொன்னார் சித்தலிங்கப்பா.

பத்துச் சுற்றில் பின் சக்கரம், முன் சக்கரத்தைவிட இரண்டடிக்கு மேல் கூடப் போயிருந்தது.

"இதுக்கு என்னாங்க அர்த்தம்?" என்றார் வசந்தா அம்மா.

அதை நான் சொல்ல வேண்டும் என்று சித்தலிங்கப்பா ஒதுங்கி நின்றார். சொன்னேன். "பின் சக்கரம் பெருசும்மா. அதனால மெதுவா சுத்துது. முன்னாடி வழுக்குதுன்னு வண்டி தப்பா நினைச்சுக்கிட்டு, எந்நேரமும் பின் சக்கரத்தையும் சேத்துப் பூட்டிக்கிச்சு. நேர் ரோட்டுல தெரியாது. ஈரமான வளைவுல, பெரிய பின் சக்கரம் பின்னாடியிருந்து தள்ளும், முன் சக்கரம் திரும்ப முடியாம நேரா போகும். சூடு தாங்காம அந்தப் பூட்டு திடீர்னு விட்டுச்சுன்னா, ஒடிச்ச ஸ்டீயரிங்குக்கு வண்டி ஒரேயடியா உள்ள திரும்பும், பின்பக்கம் வீசும். அன்னைக்கு அதுதான் நடந்திருக்குது. வண்டியிலேயே பதிவாகியிருக்குதும்மா."

மரத்தடியிலிருந்து முனிரத்தினம் முதல்முறையாகப் பேசினார். "அதேதாம்மா. நான் ஒடிச்சேன், நேரா போச்சு. இன்னும் ஒடிச்சேன். அப்புறம் படக்குனு உள்ள இழுத்துக்கிச்சு. இதைத்தானே ஆஸ்பத்திரியில உங்ககிட்டச் சொன்னேன்."

"இன்னொண்ணும் இருக்குதும்மா" என்றேன். "இவர் என்கிட்ட வந்து சொன்னாரு. நான்தான் கண்டுக்கல. நேத்து நீங்க கேட்டப்ப அதை மறைச்சேன்."

வசந்தா அம்மா என்னை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டேப்பின் நுனியைக் கீழே வைத்தார். கைப்பையிலிருந்த காகிதத்தை நாலாகக் கிழித்தார். முனிரத்தினத்திடம் போய், "நாளையிலருந்து வந்துடுப்பா" என்றார்.

முனிரத்தினம் தரையிலிருந்த குறிகளைக் காட்டினார். "இதை அளந்தப்புறம்தாம்மா நான் பொய் சொல்லலைன்னு ஆச்சு. அளக்க முடியாதபடி வண்டி நொறுங்கியிருந்தா?"

"நான் யோசிச்சுச் சொல்றேங்கம்மா" என்று முனிரத்தினம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

என் கையெழுத்து உரிமையை ஆறு மாதத்துக்கு எடுத்துவிட்டார்கள். டயர் பிரிவில் நின்றேன். அதே நாளில், ஆல் வீல் டிரைவ் எது வந்தாலும் நாலு டயரின் எண்ணையும் தேய்மானத்தையும் கையால் எழுதாமல் வெளியே விடக்கூடாது என்று சித்தலிங்கப்பா உத்தரவு போட்டார். அந்தப் படிவத்தைத் தயாரிக்கும் வேலையை என்னிடமே கொடுத்தார். "மாதேஷ், நாளைக்குள்ள முடிச்சுடுப்பா." அந்த 'ப்பா'வுக்காகவே அன்றைக்கே முடித்துக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாகலூரில் முனிரத்தினம் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "மாதேசண்ணா, டயர் பாக்காம விட்டது வேலையில வர்ற தப்பு, எனக்கும் வந்திருக்குது. ஆனா அன்னைக்கு மதியமே சொல்லியிருக்கலாம். வீட்டுல என் பொண்ணே கேட்டுச்சு, நீ தூங்கிட்டியாப்பான்னு." அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். வேறு என்ன செய்ய?

காரைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. எங்கள் பட்டறையே கப்ளிங்கை மாற்றி, ஒரே அளவில், ஒரே தயாரிப்பில் நாலு புது டயர் போட்டுக் கொடுத்தது. அது தயாரான அன்று முனிரத்தினம் வந்தார். வசந்தா அம்மா இரண்டு முறை அவர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றிருக்கிறார்.

"என்கூட யார் வர்றீங்க?" என்று கேட்டார். ரோடு டெஸ்ட்டுக்கு அப்போது வேறு ஆள் இருந்தார். சித்தலிங்கப்பா என் பக்கம் தாடையை அசைத்தார்.

முற்றத்தில் முழுக்க ஒடித்து இரண்டு பக்கமும் வட்டமடித்தார். இழுப்பு இல்லை. பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமல் தேன்கனிக்கோட்டை ரோட்டைப் பிடித்தார். வழியில் தூறல் ஆரம்பித்தது. அஞ்செட்டி இறக்கத்தில் அந்த வளைவு வந்தபோது பக்கச் சுவரில் புது சிமெண்ட் பூச்சு தெரிந்தது. நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். அவர் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஸ்டீயரிங்கை ஒரே சீராகத் திருப்பினார். கார் அவர் கை போன வழியில் போனது. அதற்கடுத்த வளைவிலும், அதற்கடுத்ததிலும்.

கீழே ஒரு டீக்கடை அருகே ஓரமாக நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை. போனை எடுத்தார்.

"அம்மா, முனிரத்தினங்க. அஞ்செட்டிக்கிட்ட இருக்கேன்... ஆமாங்கம்மா, வண்டி நல்லா இருக்குது. பாப்பாவுக்குக் கட்டுப் பிரிச்சாச்சுங்களா?... சரிங்க. நாளைக்குக் காலேஜுக்கு வேற வண்டி சொல்லாதீங்க. ஏழரைக்கு நான் வந்துடறேன்."